பூஜை அலமாரியில் இருந்த மூடி

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணியானால் எங்கள் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடும். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு இரும்பு வார்ப்பட ஆலையின் மருந்தகத்தில் நான் கம்பவுண்டர். மாத்திரை கொடுப்பது, கட்டுப் போடுவது, வருடம் ஒருமுறை மணல் அச்சுப் பிரிவு ஆட்களைக் குழாயில் ஊதவைத்து நுரையீரல் அளவைக் கம்ப்யூட்டரில் பதிவது, எல்லாம் நான்தான். அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரையும் என் தலையிலேயே கட்டினார்கள். புதுசு வாங்கித் தாருங்கள் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

வாராவாரம் அது உள்ளே டிஸ்கில் இருப்பதை வெளியே இருக்கும் டேப் பெட்டியில் நகல் எடுக்கும். டிஸ்க்கும் டேப்பும் ஒரே கேபிள் வழியில் தொங்குகின்றன. போன ஐப்பசியிலிருந்து டேப் சுழல ஆரம்பித்தாலே திரை உறைந்துபோகும். நான் சுவிட்சை அணைத்துப் போடுவேன். மறுபடி ஓடும். அத்தோடு மறந்துவிடுவேன்.

தை மாதம் என் தோஸ்து செத்துப்போனான். மணல் அச்சுக்காரன். தினமும் என் மேசையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவான். கார்த்திகையில் அவனை ஊதவைத்ததும் நான்தான். திரையில் வந்த எண் முந்தின வருட அளவில் பாதி.

"இன்னா மாமு, பீடியா?" என்று கிண்டலடித்தேன்.

"பீடிய வுட்டு பத்து வருசமாச்சி நைனா. எல்லாம் இந்த மணலு."

காரியம் முடிந்த மறுவாரம் அவன் மனைவி வந்தாள். காசிமேட்டில் மீன் விற்கிறவள். காலை வியாபாரத்தை முடித்துக்கொண்டு கூடையோடே வந்திருந்தாள். நுரையீரல் நன்றாகத்தான் இருந்தது, மணலுக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டார்களாம்.

"எங்கூட்டுக்காரரு கடைசியா ஊதிச்சே, அந்த நெம்பரு வோணும்ணா. மணலு தான் அத்த கொன்னுச்சின்னு நா சொன்னா எவன் நம்புவான்?"

தாளில் அச்செடுப்பது பங்குனியில், மொத்தமாகத்தான். கம்ப்யூட்டரில் தேடினேன். கார்த்திகைப் பட்டியல் திறக்க மாட்டேன் என்றது. டேப்பில் இருக்குமே என்று ஓட்டினால் பாதியில் திரை நின்றது. மூன்று நாள் மல்லுக்கட்டினேன். ஃபேனைத் துடைத்தேன், கேபிளை மாற்றினேன். டேப்பைக் கழற்றினால் டிஸ்க் ஒழுங்காக ஓடுகிறது, சேர்த்தால் நிற்கிறது. சனியன். கடைசியில் ரிச்சி தெரு கம்ப்யூட்டர் மெக்கானிக் ஒருவருக்குப் போன் போட்டேன்.

"டேப் பொட்டி பின்னாடி ரெண்டு வாயி இருக்கும் சார். ஒண்ணுல கேபிளு. இன்னொண்ணுல கட்டையா ஒரு மூடி இருக்கணும். அது இல்லேன்னா சிக்னலு முட்டித் திரும்பி வரும், எல்லாம் கொயம்பிப் பூடும்."

இரண்டாவது வாய் திறந்து கிடந்தது.

தலை தானாக நிமிர்ந்தது. மருந்து அலமாரிக்கு மேலே சாமி படம். அதன் முன்னால், காய்ந்த சந்தனமும் குங்குமமுமாக, அந்த மூடி. ஆயுத பூஜைக்குக் கத்தரிக்கோல், இடுக்கி எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்துப் படத்தடியில் வைப்பது என் வழக்கம். போன தடவைதான் டேப் பெட்டியின் முதுகையும் துடைத்தேன். எந்த வயரும் இல்லாமல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிற துண்டுதானே என்று அதையும் கழற்றிப் பொட்டு வைத்திருக்கிறேன். கத்தரிக்கோலை மறுநாளே எடுத்துக்கொண்டேன். இதை எடுக்கவில்லை.

சந்தனத்தைச் சுரண்டி மாட்டினேன். டேப் ஒரு தடவை கூட நிற்காமல் ஓடி முடிந்தது. ஆனால் நான் அணைத்து அணைத்துப் போட்டதில் டிஸ்கிலிருந்த கார்த்திகைப் பட்டியல் சிதைந்துபோயிருந்தது. ஐப்பசியிலிருந்து எடுத்த நகலெல்லாம் பாதியில் நின்றவை; முழுசாக இருந்த கடைசி டேப் புரட்டாசியுடையது. அதில் இருந்ததெல்லாம் அவன் நன்றாக இருந்த வருடங்கள்.

எனக்கு எதுவும் தோன்றவில்லை. அவன் செத்த அன்றும் இப்படித்தான் இருந்தேன். டீ குடித்தேன். இரண்டு பேருக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுத்தேன்.

மறுநாள் அவள் வந்தாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். மூடியைக் காட்டினேன். கூடையை இறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நெம்பரு போனா போவட்டும். நீ பாத்தியா இல்லியாண்ணா?"

"பாத்தேன்மா."

"அப்ப ஆபீசுல வந்து சொல்லு."

ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். நினைவிலிருந்த அந்த எண்ணை எழுதினேன். பதிவு எங்கே என்று கேட்பார்களே என்று, கீழே இன்னொரு வரியும் எழுதினேன்: மூடியைக் கழற்றியது நான். கையெழுத்துப் போடும்போதுதான் அழுகை வந்தது.