பெரிய மாமாவின் பத்திரமும் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும்

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம், வீட்டுக் கம்ப்யூட்டரைக் கெடுத்தவள் என்ற பழி என்மேல் விழுந்தது. பழி போட்டவர் அப்பா. ஆதாரம் எதுவும் அவரிடம் இல்லை. அதில் கார் ஓட்டும் விளையாட்டு விளையாடுகிற ஒரே ஆள் நான் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பத்திர எழுத்தரிடம் டைப் செய்யும் வேலை பார்த்தார். தினமும் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் போய்வருவார். வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, லீவு நாட்களில் கல்யாணப் பத்திரிகை, காலேஜ் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் என்று டைப் செய்து கொடுப்பார். முன்னறையில் சாமி படங்களுக்குக் கீழே, மேசைக்குப் பக்கத்தில் தரையில், முதுகைச் சுவருக்குக் காட்டிக்கொண்டு அந்தப் பெட்டி நின்றது. ஒருநாள் அதற்குள்ளிருந்து கரகரவென்று சத்தம் வந்தது. பிறகு சத்தம் நின்றது. அரைமணி நேரத்தில் கம்ப்யூட்டரும் தானாக அணைந்துவிட்டது. ஆறவிட்டுப் போட்டால் ஓடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி அணையும்.

பஞ்சு மார்க்கெட் பக்கம் கடை வைத்திருந்த மெக்கானிக் வந்தார். பெட்டியைத் திருப்பி, பின்பக்கத்துச் சல்லடையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"காத்தே வரல பாருங்க. இது எஸ்.எம்.பி.எஸ். சுவத்துல இருந்து வார கரண்ட்ட வாங்கி உள்ள எல்லாத்துக்கும் பிரிச்சுக் குடுக்குற டப்பா. இதோட ஃபேன் நின்னுட்டா டப்பா கொதிச்சுப் போகும். எரிஞ்சு போகாம இருக்க அதுவே நிறுத்திக்கிடும்."

வயரைப் பிடுங்கிய பிறகும் அந்தத் தகர டப்பாவுக்குள் கரண்ட் மிச்சம் நிற்கும், யாரும் கை வைக்கக் கூடாது என்று எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். நாலு திருகாணிகளைக் கழற்றி டப்பாவைத் திறந்து, பிரஷ்ஷால் தட்டினார். பஞ்சும் தூசியுமாக ஒரு கைப்பிடி வந்தது. ஃபேனின் நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தை உரித்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். ஃபேன் சுற்றியது.

காபி கொண்டுவந்த அம்மா, டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டாள்:

"மத்ததெல்லாம் நல்லா இருந்தாலும், அந்த ஃபேன் மட்டும் நின்னா எல்லாம் நின்னுருமா தம்பி?"

"ஆமாக்கா. அம்புட்டுத்தான்."

அந்தப் பெட்டியைப் பற்றி அம்மா கேட்ட முதல் கேள்வி அது. நான் அதைக் கவனித்தேன்; ஆனால் சந்தேகப்படவில்லை. நான் சந்தேகப்பட்டது மெக்கானிக்கை. ஒரு சொட்டு எண்ணெய்க்கு அவ்வளவு பேச்சு பேசுகிறவர் நல்லவராக இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் தேவதானத்திலிருந்து பெரிய மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். தாத்தா இறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. மாமா ஒரு மஞ்சள் பையிலிருந்து காகிதங்களை எடுத்து அப்பாவிடம் கொடுத்துத் தணிந்த குரலில் பேசினார். நான் பக்கத்தில் போனதும் காகிதங்களைக் கவிழ்த்து வைத்தார். ஆபீசில் வேண்டாம், நாலு பேர் வந்து போகிற இடம், வீட்டிலேயே வைத்து அடித்துவிடுங்கள் மாப்பிள்ளை என்று அவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. அம்மா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள்.

அவர் போன பிறகு காகிதத்தை எட்டிப் பார்த்தேன். மேலே 'விடுதலைப் பத்திரம்' என்று எழுதியிருந்தது. மாமா யாரையோ ஜெயிலில் இருந்து வெளியே எடுக்கப் பார்க்கிறார் என்று முடிவு கட்டினேன். அன்றிலிருந்து மாமாவும் என் சந்தேகப் பட்டியலில் சேர்ந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா பத்திரம் அடிக்க உட்கார்ந்தார். இரண்டு பக்கம் தாண்டவில்லை, கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. அடித்ததைச் சேமித்து வைக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. முதலிலிருந்து தொடங்கினார். மறுபடி அணைந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால், அவர் வரும்போது ஃபேன் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அப்பாவைச் சந்தேகமாகப் பார்த்தார். அப்பா அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். அவர் போன பிறகு இரண்டு பேருடைய சந்தேகமும் சேர்ந்து என்மேல் வந்தது.

"இனிமே இது பக்கத்துல உன்னப் பார்த்தேன், தோல உரிச்சுருவேன் ஏட்டி" என்றார் அப்பா.

செய்யாத தப்புக்குத் தண்டனை என்பது பத்து வயதில் தாங்க முடியாத விஷயம். நான் பழைய நோட்டு ஒன்றில் குறித்து வைக்க ஆரம்பித்தேன். அப்பா கல்யாணப் பத்திரிகை அடித்தால் மூன்று மணி நேரம் ஓடுகிறது. ப்ராஜெக்ட் அடித்தாலும் ஓடுகிறது. மாமாவின் காகிதத்தை மேசையில் விரித்தால் மட்டும் நின்றுபோகிறது. மூன்று ஞாயிறும் இதேதான். மாமா அந்தக் காகிதத்தில் ஏதோ மந்திரித்துக் கொண்டுவந்திருக்கிறார் என்றுகூட நினைத்தேன்.

நான்காவது ஞாயிறு மதியம் முன்னறைக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். தலைக்கு நேரே, சுவருக்கும் பெட்டிக்கும் நடுவிலிருந்த சந்தில், கம்ப்யூட்டரின் முதுகு தெரிந்தது. அப்பாவின் கால்கள் வந்து உட்கார்ந்தன. காகிதம் புரளும் சத்தம், பிறகு டைப் அடிக்கும் சத்தம். ஒரு பக்கம் முடிந்ததும் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று தெருமுனைக்குப் போனார். செத்த நேரத்தில் மெட்டி போட்ட கால்கள் வந்தன. சாமி படத்துக்குக் கீழே நின்றன. எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சி ஒன்று, வளையல் போட்ட கையோடு, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இறங்கியது. சல்லடை ஓட்டையில் அது மெதுவாக நுழைந்தது. படபடவென்று ஒரு சத்தம், பிறகு அமைதி.

என் சந்தேகப் பட்டியலில் அம்மாவின் பெயரே இல்லை. ஆனாலும் அப்போது எனக்கு வந்தது ஆச்சரியம்கூட இல்லை, சந்தோஷம். நான் செய்யவில்லை என்பதற்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. அதை அப்பாவிடம் தனியாகச் சொன்னால் வீணாகிவிடும் என்று காத்திருந்தேன்.

ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அன்று சாயங்காலமே, பத்திரம் ஏன் இன்னும் முடியவில்லை என்று கேட்டுக்கொண்டு மாமா வந்தார். மதியம் மறுபடி அணைந்த கோபத்தில் அப்பா மெக்கானிக்கையும் வரச்சொல்லியிருந்தார். மெக்கானிக் இந்தத் தடவை பெட்டியை நகர்த்தாமல், டார்ச் அடித்துச் சுவரோரமாக எட்டிப் பார்த்தார். முன்பெல்லாம் அவர் வருவதற்குள் காணாமல் போயிருந்த குச்சி இந்தத் தடவை அங்கேயே இருந்தது; விரல் விட்டு அதை உருவினார்.

குச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"படத்துக்குக் குத்தி வச்சது கீழ விழுந்திருக்கும்" என்றாள் அம்மா.

மெக்கானிக் ஒருதரம் அம்மாவைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "விழுந்திருக்கும் சார். ஓட்டை பெருசு பெருசாத்தான் இருக்கு" என்றார்.

"விழல" என்றேன் நான். "அம்மாதான் குத்துனா. கட்டிலுக்கு அடியில கெடந்து நான் பார்த்தேன். மாமா பேப்பர எடுத்தா மட்டும் குத்துறா. நோட்டுல எழுதி வச்சிருக்கேன்."

நோட்டைக் கொண்டுவந்து காட்டினேன். யாரும் அதை வாங்கவில்லை. மாமா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"உனக்கு என்ன கொற வச்சிருக்கோம் தங்கச்சி? வாயத் தொறந்து சொல்லலாம்ல?"

அப்பா ஏதாவது சொல்வார் என்று அம்மா அவரைப் பார்த்தாள். அப்பா மெக்கானிக்கிடம் திரும்பி, ஃபேனைப் புதுசாகவே மாற்றிவிடும்படி சொன்னார். மெக்கானிக் புது ஃபேனை மாட்டுகிறவரை தலை நிமிரவில்லை. காபியும் வேண்டாம் என்று கிளம்பிவிட்டார். அப்பா அன்று ஒரே மூச்சில் பத்திரத்தை அடித்து முடித்தார். மாமா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கார் விளையாட அனுமதி கிடைத்தது.

அடுத்த வாரம் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாளாகப் பார்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் பத்திர ஆபீசுக்குப் போனோம். உள்ளே உட்கார்ந்திருந்த அதிகாரி காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்:

"தேவதானத்துல உங்க அப்பா விட்டுட்டுப் போன வீட்டுலயும் வயல்லயும் உங்களுக்குள்ள பங்க, வேண்டாம்னு அண்ணனுக்கு எழுதிக் குடுக்குறீங்க. யாரும் கட்டாயப்படுத்தலயே? சம்மதம்தானே?"

அம்மா மேசைமேல் கிடந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அப்பா தொண்டையைச் செருமினார். அம்மா என் தலையில் கை வைத்து, கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டு, "சம்மதம்" என்றாள். இவ்வளவு சின்னக் கேள்விக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று நான் நினைத்தேன்.

வெளியே வந்ததும் மாமா எல்லோருக்கும் பால்கோவா வாங்கினார். அம்மா தன்னுடையதை என்னிடம் கொடுத்துவிட்டாள். அப்பா அப்படியே வேலைக்குப் போய்விட, நாங்கள் மூன்று பேரும் தென்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினோம். ராஜபாளையத்தில் அம்மாவும் நானும் இறங்கிக்கொண்டோம். மாமா ஜன்னல் வழியாக, "வாரேன் தங்கச்சி. பொங்கலுக்குப் பிள்ளையக் கூட்டிக்கிட்டு வா, நம்ம வீடு எங்கயும் போயிறல" என்றார். அம்மா தலையை ஆட்டினாள்.

பஸ் சேத்தூர் வழியாகத் தேவதானம் பக்கமாகக் கிளம்பிப் போனது. அது வளைவில் மறைந்த பிறகும் அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். வெயில் தலையைப் பிளந்தது. எனக்கு விளையாட்டு நினைப்பு. வா, வா என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். பஸ்தான் போய்விட்டதே, இன்னும் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.