வலது பக்கம் இரண்டு விரல்

முன்சக்கரத்துக்கும் அதற்கு மேலே இருக்கும் தகர வளைவுக்கும் நடுவில் கையை நுழைத்து அளந்தது இன்னும் என் விரலில் இருக்கிறது. இடது பக்கம் நாலு விரல் தாராளமாகப் போனது. வலது பக்கம் இரண்டு விரலுக்கு மேல் போகவில்லை. வண்டிக்குள் யாரும் இல்லை, இரண்டு கதவும் சாத்தியிருந்தன. வண்டியின் சொந்தக்காரரான என் மாப்பிள்ளை வேப்ப மரத்தடியில் நின்று, நான் அளப்பதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் வேலை. என் மகள் ஏனாத்தூரில் ஒரு காலேஜ் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவாள். உத்திரமேரூரைத் தாண்டி ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிற அந்த வீட்டில் பகல் முழுக்க நானும் மாப்பிள்ளையும்தான். எங்கள் ஜனத்தில் மாமியார், மாப்பிள்ளைக்கு எதிரில் நின்று பேசுகிற வழக்கம் இல்லை. அவர் பேரை வாயால் சொல்வது அதைவிடக் குற்றம். அதற்காக வாயைத் தைத்துக்கொண்டு இருக்க என்னால் ஆகுமா? வாசலில் கட்டியிருந்த கருப்பியிடம் பேசினேன். கருப்பி எங்கள் ஆடு. "கருப்பி, சோறு ஆறிப்போவுது, சாப்ட வரச் சொல்லு" என்பேன். அவர் கை கழுவிக்கொண்டு வருவார். கொஞ்ச நாளில் அவரும் பழகிக்கொண்டார். "கருப்பி, கொழம்புல இன்னா இன்னிக்கி உப்பு லீவா?" என்று தட்டைப் பார்த்தபடி கேட்பார். கருப்பி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அசைபோடும். மூன்று வருஷம் இப்படியே ஓடியது. அந்த ஆட்டுக்குத் தெரிந்த குடும்ப விஷயம் என் மகளுக்குக்கூடத் தெரியாது.

அப்போதுதான் அந்தச் சிவப்புக் கார் வந்தது. இரண்டே கதவு, நீள மூக்கு. ஸ்போர்ட்ஸ் கார் என்றார்கள். மாப்பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படி ஒன்று வேண்டும் என்று ஆசை. சென்னையில் ஒரு அம்மாவிடம் பழைய வண்டியாக வாங்கினார். அந்த அம்மாவின் புருஷன் நெஞ்சுவலியில் போய்விட்டாராம். வாசலில் வண்டி நிற்பதைப் பார்த்துப் பார்த்து அழுகை வருகிறது, யாராவது எடுத்துக்கொண்டு போங்கள் என்றாராம். இதை என் மகள் எனக்கு ரகசியமாகச் சொன்னாள். செத்துப்போன ஆள் நல்ல கனம் என்பதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டிரைவர் சீட்டில் உரல் வைத்து எடுத்த மாதிரி ஒரு பள்ளம் இருந்தது.

வண்டி உயரமாக நிற்கிறது என்பது மாப்பிள்ளையின் குறை. "நாத்து நடறதுக்கு பொடவைய தூக்கிச் சொருவிக்கினு நிக்கிறவ மாதிரி கீதுடி கருப்பி" என்று நான் சொன்னதும் அவர் காதில் விழுந்திருக்கும். குட்டையான ஸ்பிரிங் நான்கு வரவழைத்தார். அவற்றை மாட்டினால் வண்டி தரையோடு பதுங்கி நிற்குமாம். மெக்கானிக்கிடம் விட மனசில்லை, வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். ஜாக்கி போட்டுத் தூக்கி, இரும்பு ஸ்டாண்டில் உட்கார வைத்து, சக்கரத்தைக் கழற்றுவார். கொக்கி வைத்த இரண்டு நீள போல்ட்டுகளை ஸ்பிரிங்கின் இரண்டு பக்கமும் மாட்டி, இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று என்று இறுக்கி அதை அமுக்குவார். அப்படி அமுக்கிய ஒன்றை வெளியே எடுத்து வைத்தபோது, "கருப்பி, கிட்ட போவாத. அது தப்பிச்சிதுன்னா மூஞ்ச பேத்துடும்" என்றார். அது எனக்குச் சொன்னது. அன்று வெகுநேரம் அந்த ஸ்பிரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆளைக் கொல்லும் பலத்தை வைத்துக்கொண்டு ஒரு சத்தம் இல்லாமல், ஒரு அசைவு இல்லாமல் அது வெயிலில் கிடந்தது.

நான்கு ஸ்பிரிங்கும் மாறின. வண்டி இறங்கியது. ஆனால் வலது பக்கம் மட்டும் இரண்டு விரல் கூடுதலாக இறங்கியது. டிரைவர் உட்காருகிற பக்கம். ஸ்பிரிங்கை இடம் வலமாக மாற்றிப் போட்டுப் பார்த்தார். யாரோ போனில் சொன்னார்கள் என்று போல்ட்டை எல்லாம் தளர்த்தி, வண்டியைத் தரையில் நிறுத்தி மறுபடி முடுக்கினார். வலது பக்கம் அதே இரண்டு விரல். எனக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. "வண்டிக்கு ஒண்ணும் இல்ல கருப்பி. வித்துட்டாங்களே தவுர பெரியவரு எறங்கல. உக்காந்துகினு கீறாரு" என்றேன். மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்தான். அப்புறம் அவர் டிரைவர் கதவைத் திறந்ததும் உடனே உட்காராமல், யாரோ நகர்ந்து வழிவிடட்டும் என்பதுபோல ஒரு நிமிஷம் நிற்பதைப் பார்த்தேன். பிறகு இடது கதவு வழியாக ஏறி, நடுவில் காலைத் தூக்கிப் போட்டு டிரைவர் சீட்டுக்கு நகர ஆரம்பித்தார். அப்போதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. பெரியவர் சாப்பிட்டாரா, பெரியவருக்கு வேர்க்கிறதா என்று தினம் ஒன்று கருப்பியிடம் கேட்டேன். எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கிற ஒன்றையும் எடுத்துவிட்டேன். உச்சி வெயிலில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே ஏன் என்று கேட்கக் கூடாது. செத்தவர்கள் ஒரு தடவைதான் கூப்பிடுவார்கள், அதற்கு வாய் திறந்தால் போச்சு. உயிரோடு இருக்கிறவன்தான் இரண்டாவது தடவை கூப்பிடுவான். மாப்பிள்ளை அன்று கருப்பிக்குப் பதில் சொல்லவில்லை. அவருடைய அம்மாவும் அதையே சொல்லி வளர்த்தார் என்று என் மகள் பிறகு சொன்னாள்.

அன்றைக்குக் கோடை மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மேல்மண் காய்ந்து வெடித்திருந்தது, அடியில் ஏரிக் களிமண் இன்னும் ஈரம். மாப்பிள்ளை வண்டியின் முன்பக்கத்தை இரண்டு ஸ்டாண்டில் ஏற்றி, பலகையில் உருளை வைத்துச் செய்த சின்ன வண்டியில் மல்லாந்து படுத்து அடியில் போயிருந்தார். நான் சமையலறைப் படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அவருடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டாததுதான் குறை என்று தோன்றியது. கருப்பி காதுகளை விடைத்துக்கொண்டு வண்டியின் ஜன்னலையே பார்த்தபடி நின்றது. வாயில் இருந்த தழையை மெல்லவில்லை.

ஒரு கொத்து உருவி முடித்து நிமிர்ந்தேன். அவர் முழங்காலுக்கும் வண்டிக்கும் நடுவில் இருந்த வெளிச்சம் குறைந்திருந்தது. கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். வலது பக்கத்து ஸ்டாண்டு மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஆள் மெதுவாக ஏறி உட்காரும்போது வண்டி அமுங்குமே, அந்த வேகத்தில்.

"கருப்பி, வெளில வரச் சொல்லு. வண்டி எறங்குது."

அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "எறங்கட்டும் கருப்பி. இன்னிக்கி பெரியவரு சம்சாரத்தயும் கூட்டிக்கினு வந்துட்டாராமா?"

எத்தனை நாள் சொன்ன பொய். உண்மையைச் சொல்ல எனக்கு வேறு குரல் இல்லாமல் போய்விட்டது. கீரை மடியிலிருந்து கொட்ட எழுந்து நின்று, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

சிரிப்பு நின்றது. ஸ்பேனர் சத்தம் நின்றது. கால்விரல்கள் உள்ளே மடங்கின. அவர் அசையவே இல்லை. அந்த வீட்டில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற பெண் குரல் ஒன்று கிடையாது. உச்சி வேளை, முதல் கூப்பாடு. நான் சொல்லிக்கொடுத்தபடியே மூச்சைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் கிடந்தார். எனக்கு எல்லாம் புரிந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டால் போதும், அவர் வந்துவிடுவார். வாயைத் திறந்தேன். தொண்டையிலிருந்து காற்றுகூட வரவில்லை. ஓடலாம் என்றால் கால் மண்ணில் நட்ட மாதிரி நின்றது. ஸ்டாண்டு ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது.

பலகை உருண்டது. மாப்பிள்ளை தரையைக் காலால் உதைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவர் தலை வெளியே வந்த பிறகுதான் வண்டி விழுந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. கனமான ஒருவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தது போல இருந்தது, அவ்வளவுதான்.

நானும் போய் அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். அவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"மொத தபா கூப்டப்ப பயந்துட்டேன் அத்த. ரெண்டாவது தபா கூப்டீங்க பாருங்க, அப்பறம்தான் நம்மளவங்கன்னு வந்தேன்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் விளையாடவில்லை. உதட்டில் மண் ஒட்டியிருந்தது.

"ரெண்டாவது தபா கொரலு கட்டயா இருந்துச்சி. தொண்ட கட்டிக்கிச்சா?"

"ஆமா மாப்ள" என்றேன். "பயத்துல கட்டிக்கிச்சி."

ஆயுசில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், எல்லாம் மற்றவர்களைப் பயமுறுத்திச் சிரிப்பதற்கு. ஒருவர் பயப்படாமல் இருக்கட்டும் என்று நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதற்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வண்டியை லாரியில் ஏற்றிச் செங்கல்பட்டில் ஒரு மெக்கானிக் ஷெட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே அளந்து பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் சரியாகத்தானே இருக்கிறது, எதற்கு அனுப்பினீர்கள் என்று கேட்டார்களாம். விழுந்த வேகத்தில் எங்கோ சிக்கியது விட்டிருக்கும் என்றார் மாப்பிள்ளை. வண்டி திரும்பி வந்ததும் நானும் கை வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் மூன்று விரல். சீட்டில் பள்ளம் மட்டும் அப்படியே இருந்தது. இறங்கிவிட்டார் என்று நினைத்தேன். நினைத்த உடனே அடுத்த கேள்வியும் வந்தது. இறங்கியது எங்கள் வாசலில்தானே. ஒரு நாள் யாரும் இல்லாதபோது, எந்தப் பக்கம் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் வேப்ப மரத்தைப் பார்த்து, உங்களைக் கேலி செய்தது தப்புதான், பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்தீர்கள், புண்ணியமாகப் போகும் என்று சொன்னேன். ஆட்டை நடுவில் வைக்காமல் நேராகவே சொன்னேன். ஒரு இலைகூட அசையவில்லை.

கருப்பி போய் இப்போது நாலு வருஷம் ஆகிறது. வேறு ஆடு வாங்கவில்லை, தேவைப்படவில்லை. மாப்பிள்ளை எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார், குழம்பில் குறை இருந்தால் நேராகவே சொல்கிறார். மாமியார் மாப்பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். மதியச் சோற்றுக்கு வாசலில் நின்று அவரைக் கூப்பிடுவேன், எப்போதும் இரண்டு தடவை. "ஒரு தபா கூப்டா காது கேக்காதாம்மா அவருக்கு?" என்று என் மகள் கேட்கிறாள். என் பழக்கம் அது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அன்றும் இரண்டு தடவை கூப்பிட்டது நான்தான் என்று அவர் கடைசி வரைக்கும் நம்ப வேண்டும். முதல் தடவை நிதானமாகத்தான் கூப்பிடுகிறேன். இரண்டாவதற்கு மூச்சுகூட விடுவதில்லை, உடனே கூப்பிட்டுவிடுவேன். அந்த இடைவெளியை வேறு யாருக்கும் விட்டுவைக்க எனக்குத் தைரியம் இல்லை.