அந்தோணியார் காட்டிக்கொடுத்த திருடன்

என் கிட்னியை வீட்டுக்காரருக்குக் கொடுத்த மூன்றாவது மாதம், அது வேலையை நிறுத்தப் பார்த்தது. 2002, ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம். அவர் பெயர் சூசை, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஆபரேஷன் முடிந்து நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவருக்கு மறுபடியும் கால் வீங்கியது. ரத்தத்தில் உப்பு ஏறிவிட்டது.

"உடம்பு புது கிட்னியை ஏத்துக்க மாட்டேங்குதும்மா. அதுக்குக் குடுக்கிற மருந்து ரத்தத்துல கம்மியா நிக்குது. கேப்சூலைக் கூட்டணும்" என்றார் டாக்டர்.

எப்படிக் கம்மியாகும்? வேளை தவறாமல் நானே கொடுத்து, விழுங்கினாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பவள்.

நான் காசிமேட்டில் மீன் எடுத்து ராயபுரத்தில் விற்கிறேன். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனும் என் கூடையில் ஏறாது. அன்று வீட்டுக்கு வந்ததும் அட்டையைக் கிழித்துக் கேப்சூலை மோந்து பார்த்தேன். மீன் வாசனையோடே கிடக்கும் என் மூக்குக்கு இத்தனை நாள் உறைக்காத நாற்றம் குப்பென்று அடித்தது. கெட்டுப்போன சரக்கு என்று முடிவு கட்டிவிட்டேன்.

"இது டூப்ளிகேட்டுய்யா. மருந்துக் கடைக்காரன் நம்ம தலையில கட்டிகினு கீறான்."

"உனுக்கு எல்லாமே நாறின மீனுதான் மேரி. டாக்டரு இன்னா சொன்னாரோ அத்தக் குடு."

"அந்த டாக்டரு மட்டும் இன்னா யோக்கியம்? கூட்டச் சொன்னா கமிசன் வருதோ இன்னாவோ!"

வாய் பேசியதே தவிர, எதைச் செய்வதென்று தெரியவில்லை. கூட்டினால் விஷத்தை நானே ஊட்டுகிறேனோ என்று பயம். கூட்டாமல் விட்டால் கிட்னி போகும், அவரும் போவார். இன்னொன்று கொடுக்க என்னிடம் இல்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அந்தோணியார் கோவிலில் முட்டி போட்டேன். காணாமல் போனதை மீட்டுத் தருவார், திருடனைக் காட்டிக்கொடுப்பார் என்று எங்கள் ஜனம் நம்புகிற புனிதர். "ஐயா, எம் புருசன் மருந்தை எவனோ திருடறான். கடைக்காரனா, டாக்டரா? காட்டிக் குடுய்யா" என்று அழுதேன். அழும்போதும் வாசலில் விட்ட செருப்பின் மேல் எனக்கு ஒரு கண்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. டாக்டரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் வேகத்தில் போனேன். ரத்தம் எடுக்கும் இடத்தில் திருவொற்றியூர் செல்வி உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷனுக்கும் எங்களுக்கு முன்பின்னாக இதே ஆபரேஷன். ரத்தம் கொடுத்துவிட்டு வந்த புருஷனுக்கு அவள் கேப்சூல் அட்டையைக் கிழித்தாள். அதே நாற்றம்!

"இன்னா செல்வி, உன்னுதும் கெட்டுப் பூட்ச்சா?"

"யக்கா, இது எப்பவும் இப்டித்தான் நாறும். நான் வாங்குறது எங்கூர்ல, வேற கடை."

அவள் கொடுத்தது எங்கள் அளவைவிடக் குறைவு. "இதுக்கே இவருக்குக் கை நடுங்கிகினு கீது. டாக்டரு இன்னும் கொறச்சிட்டாரு" என்றாள்.

கமிஷன் ஆசை பிடித்தவர் எதற்குக் குறைக்கிறார்? கையோடு கொண்டுபோன அட்டையை டாக்டர் மேஜையில் வைத்து, செல்வி வீட்டுக்காரருக்குக் குறைத்துவிட்டு எங்களுக்கு மட்டும் ஏன் கூட்டுகிறீர்கள் என்று கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"ஒரே மருந்துதாம்மா. செல்வி வீட்டுக்காரர் குடல் நிறைய எடுத்துக்குது. உங்க வீட்டுக்காரர் குடல் கொஞ்சந்தான் எடுத்துக்குது, மிச்சம் வீணாப் போகுது. ஆளுக்கு ஆள் மாறும். அதனாலதான் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்கிறோம்."

ஊரெல்லாம் நான் தேடிய திருடன் என் வீட்டுக்காரர் வயிற்றுக்குள் உட்கார்ந்திருந்தான்! காலையில் கேட்டதை மதியத்துக்குள் அந்தோணியார் காட்டிக்கொடுத்துவிட்டார்.

அன்றே கூட்டிக் கொடுத்தேன். ஈஸ்டர் ஞாயிறு வருவதற்குள் வீக்கம் வடிந்தது, உப்பு இறங்கியது. இன்று வரை அந்தக் கிட்னி ஓடுகிறது. ஆண்டவருக்குக் கோடி நன்றி.

என்னைப்போல யாரையும் நம்பாதவர்களே, சந்தேகத்தை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்ல மாட்டேன். அதையும் கூடையோடு தூக்கிவந்து அந்தோணியார் காலடியில் இறக்குங்கள். நீங்கள் நினைத்த ஆளை அவர் காட்டாமல் போகலாம். அவர் காட்டுகிற பக்கம் திரும்பிப் பாருங்கள், போதும்.

மீனுக்கு இப்போதும் செவுளைத் தூக்கித்தான் பார்க்கிறேன். ஆனால் முட்டி போட்டால் செருப்பு நினைவுக்கு வருவதில்லை. போன மாதம் ஒரு ஜோடி காணாமலே போய்விட்டது. வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தேன். பக்கத்தில் சூசை சிரித்துக்கொண்டே நடந்து வந்தார்.