விளிம்பில் இருந்த பெயர்

நான் ஒரு திருடன்.

சண்டையில் செத்துப்போன ஒரு சிப்பாயின் பதக்கங்களை, அவருடைய மனைவி நம்பிக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டுபோய்த் திருடினேன். அந்தச் சிப்பாய் என் சொந்த மாமா, முத்தழகு. அவருடைய மனைவி என் அப்பாவின் தங்கை. எனக்கு அயித்தை.

திருட்டோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். திருடியதை மறைக்க ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன்... அதுதான் என்னைத் தின்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் திருட்டைச் சொல்லிவிடுகிறேன், அது சுலபம்.

மாமா காலாட்படையில் இருந்தார். எழுபத்தொன்றாம் ஆண்டு யுத்தத்தின் கடைசி நாளில், மார்கழி பிறந்த கையோடு, எல்லையில் இறந்தார். உடல் ஊருக்கு வரவில்லை. அங்கேயே எரித்துவிட்டார்கள். சில காலம் கழித்துப் பதக்கங்கள் வந்தன. நட்சத்திரம்போல ஒன்று, வட்டமாக இரண்டு. வட்டப் பதக்கங்களின் விளிம்பில் மாமாவின் எண்ணும் பெயரும் ஆங்கிலத்தில் பொறித்திருந்தன. மாமா இறந்தபோது அயித்தைக்கு இருபது வயதுகூட முழுசாக ஆகவில்லை. மகள் செல்வி வயிற்றில் இருந்தாள்.

எங்கள் பக்கத்தில் இறந்தவருக்கு வருஷாவருஷம் திதியன்று படையல் போடுவோம். அயித்தை வீட்டுப் படையலில் மட்டும் கூடுதலாக ஒன்று உண்டு. அன்று காலை பதக்கங்களை எடுத்துப் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்து, முதலில் புளி போட்டுத் தேய்ப்பார். பிறகு சீயக்காய். பிறகு மஞ்சள் தண்ணீர். துடைத்து, சந்தனம் வைத்து, மடித்த புதுவேட்டியின்மேல் வைப்பார். அதற்குப் பெயரே "அவுகளைக் குளிப்பாட்டுறது"தான். உலோகத்துக்கு யாராவது சீயக்காய் போடுவார்களா? அயித்தை போட்டார். உடலைத்தான் குளிப்பாட்டக் கொடுத்துவைக்கவில்லையே!

தேய்க்கும்போது அவருடைய கட்டைவிரல் அந்த விளிம்பின்மேல் மெதுவாகச் சுற்றிவரும். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் எந்த இடத்தில் பெயர் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று விரலுக்குத் தெரியும்.

இப்போது என்னைப் பற்றி. காரைக்குடியில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். செக்காலையில் வீடு. பழைய நாணயம், பட்டாளத்து வில்லை, பதக்கம் என்று எதைக் கண்டாலும் விடமாட்டேன். பழம்பொருள் கடைக்காரர்கள் என் தலையைக் கண்டாலே ஒரு டப்பாவை எடுத்து முன்னால் வைப்பார்கள். என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வேதம் உண்டு: பழையதைத் தேய்க்காதே! களிம்பு இருந்தால் இருக்கட்டும். எழுத்து போனால் எல்லாம் போச்சு.

நினைத்துப் பாருங்கள். வருஷாவருஷம் என் கண்ணெதிரே புளி! எனக்கு வயிறு எரியும். "அயித்தை, தேய்க்காதீக, எழுத்து அழிஞ்சிரும்" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அவர் சிரிப்பார். "ஒரு வருசத்து அழுக்கோட அவுகளை எலைக்கு முன்னால உக்கார வைக்கச் சொல்றியா மருமகனே?" என்பார்.

ஒருமுறை பதக்கங்களின் நாடாக்கள் மஞ்சள் தண்ணீரில் ஊறி ஊறி மக்கி, கையோடு வந்துவிட்டன. "நீதேன் இதெல்லாம் தெரிஞ்சவன். புது நாடா மாத்திக்கிட்டு வா" என்று என் கையில் கொடுத்தார். பதக்கங்கள் எப்போதும் இருக்கும் துணிப்பையில் போட்டு, சுருக்கை இறுக்கி, இரண்டு கையாலும் கொடுத்தார்.

ராணுவச் சாமான்கள் விற்கும் கடைகள் சில ஊர்களில் உண்டு. ஓய்வுபெற்றவர்கள் விழாக்களில் குத்திக்கொள்ள அங்கே நகல் பதக்கங்கள் கிடைக்கும். அதே வடிவம், அதே எடை, அதே நாடா. விளிம்பு மட்டும் வெறுமையாக இருக்கும். நாடா வாங்கப் போன நான் நகலையும் வாங்கினேன்.

காப்பாற்றுகிறேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வரலாற்றைப் புளியிடமிருந்து காப்பாற்றுகிறேனாம்! என்ன திமிர்! ஆசை என்று சொல்ல வெட்கப்பட்டு அதற்கு வரலாறு என்று பெயர் வைத்தேன்.

நகலைக் கொடுத்தேன். "நல்லா மினுமினுன்னு ஆக்கிக்கிட்டு வந்துட்டியே!" என்று அயித்தை எனக்குப் பணியாரம் சுட்டுப் போட்டார். தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

அசலை என் பீரோவில், சட்டைகளுக்கு அடியில் வைத்தேன். ஒன்று சொல்லட்டுமா? திருடியதால் ஒரு நிமிஷ சந்தோஷம்கூட எனக்குக் கிடைக்கவில்லை. சேகரிப்பவனுக்குச் சுகமே நாலு பேரிடம் காட்டுவதில்தான். இதை யாரிடம் காட்டுவேன்? விளிம்பைத் திருப்பினால் மாமாவின் பெயர்! மனைவி வெளியே போகும்போது எடுத்துப் பார்ப்பேன். பார்த்துவிட்டு எரிச்சலோடு உள்ளே வைப்பேன்.

அந்த மார்கழியில் திதி வந்தது. சொந்தக்காரர்கள் நிறைந்த வீடு. அயித்தை புளியைக் கரைத்தார். கட்டைவிரல் விளிம்பில் ஏறியது. சுற்றியது. இன்னொரு முறை சுற்றியது. நின்றது.

"மருமகனே... பேரைக் காணமே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செல்வி பார்த்தாள். கடையில் மெருகு போட்டதில் போயிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்தான்... ஆனால் அந்தப் பொய் யாரையும் கொன்றிருக்காது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"நான்தேன் தலைபாடா அடிச்சுக்கிட்டேனே அயித்தை! நீங்கதேன் தேச்சுத் தேச்சு அழிச்சுப்புட்டீக!"

அதுதான் அந்த வாக்கியம்.

அயித்தை புளிக்கையைத் தாம்பாளத்திலிருந்து எடுத்தார். சேலையில்கூடத் துடைக்கவில்லை, அப்படியே மடியில் வைத்துக்கொண்டார். செல்விதான் மிச்சத்தைக் கழுவினாள். படையலின்போது மாமாவின் படத்துக்கு முன்னால் அயித்தை முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. "இருந்தது அந்தப் பேரு ஒண்ணுதேன்... அதையும் நானே அழிச்சுப்புட்டேன். கோவிச்சுக்காதீக."

அன்றே சொல்லியிருக்க வேண்டாமா? வேண்டும்! நீங்கள் பல்லைக் கடிப்பது எனக்குத் தெரிகிறது. நானும் கடித்தேன். சொன்னால் செல்வி என் முகத்தில் விழிக்க மாட்டாள், பங்காளிகள் வாசலில் ஏற்ற மாட்டார்கள், என் பிள்ளைகளுக்கு இது தெரிந்துவிடும்... இப்படியே வருஷங்கள் ஓடின. அயித்தை அதன்பிறகு பதக்கங்களைத் தொடவே இல்லை. செல்வி ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி எடுத்து வைப்பாள். புளி இல்லை, சீயக்காய் இல்லை. குளிப்பாட்டுவது என்ற பேச்சே அந்த வீட்டில் நின்றுபோயிற்று.

பிறகு ஒருநாள் அயித்தையே எனக்கு வழி காட்டினார். செல்வி மகளின் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரங்கள் வாங்கப் போயிருந்தோம். கடை வாசலில் ஒருவர் உட்கார்ந்து குடத்தில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார். அயித்தை வெகுநேரம் பார்த்தார்.

"மருமகனே, இதே மாதிரி அவுக பேரையும் வெட்டித் தருவாகளா?"

இதைவிட நல்ல வாய்ப்பு எவனுக்குக் கிடைக்கும்! "தருவாக அயித்தை, நான் பாத்துக்கிறேன்" என்றேன். நகலை வாங்கிக்கொண்டு போய், ஒரு வாரம் கழித்து, நகலின் நாடாக்களை அசலில் மாட்டிக் கொண்டுவந்து கொடுத்தேன். சட்டைக்கு அடியில் கிடந்த மாமா வீடு திரும்பினார். எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தேன். முட்டாள்!

அயித்தை பல வருஷத்துக்குப் பிறகு விளிம்பில் விரல் வைத்தார். சுற்றினார். முகம் மாறியது.

"அச்சு அசலா வெட்டிருக்காகளே... அதே எடத்துல, அதே மாதிரி!"

என்னால் தாங்க முடியவில்லை. "அயித்தை, இது வெட்டுனதில்ல. இது அதே பேருதேன். அழியவே இல்ல" என்றேன். சொல்லிவிட்டேன்! பாதியைச் சொல்லிவிட்டேன்! மீதியை அவர் கேட்டால் சொல்லிவிடுவது என்றுதான் நின்றேன்.

அவர் கேட்கவில்லை. என் கன்னத்தைத் தடவினார்.

"என் மனசு ஆறணும்னு சொல்றே. நீ நல்லாருப்பே. ஆனாலும் மருமகனே, இது நம்ம ஊருல வெட்டுன பேரு. அவுக வாங்குன பேரு போனது போனதுதேன்."

அங்கே வாயைத் திறந்திருந்தால்... திறக்கவில்லை. என்னை நல்லவன் என்று சொல்லிக்கொண்டிருந்த அந்தக் கையை உதறிவிட்டு உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது பாருங்கள் கூத்தை! அசல் பதக்கம் அவர் மடியில் இருக்கிறது, அவர் அதை ஒட்டுப்போட்ட பொருள் என்று நம்புகிறார். செய்யாத குற்றத்துக்கு வருஷாவருஷம் கணவனிடம் மன்னிப்புக் கேட்கிறார். நகல் என் பீரோவில் கிடக்கிறது. அதைத் தூக்கி எறியவும் எனக்குக் கை வரவில்லை.

இந்த மார்கழியிலும் திதிக்குப் போனேன். செல்வி தாம்பாளத்தை வைத்தாள். அயித்தை எட்டவே உட்கார்ந்துகொண்டார்.

"நீங்களே குளிப்பாட்டுங்க அயித்தை. புளிகூடப் போடுங்க, ஒண்ணும் ஆகாது" என்றேன். புளியை வேண்டாம் என்று மல்லுக்கு நின்ற நான், புளி போடுங்கள் என்று கெஞ்சினேன்.

"வேணாம்ப்பா. என் கை அழிச்ச கை. இதுவாச்சும் மிஞ்சட்டும்." பிறகு தாம்பாளத்தை என் பக்கம் தள்ளினார். "நீ குளிப்பாட்டு மருமகனே. அவுக பேரைக் காப்பாத்திக் குடுத்தவன் நீதேன். ஒன் கை பட்டா அவுகளுக்குச் சந்தோசமா இருக்கும்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீரை ஊற்றினேன். கட்டைவிரலை விளிம்பில் வைத்துத் தேய்த்தேன். மாமாவின் பெயர் ஒவ்வொரு எழுத்தாக விரலில் இடறியது. எதிரே அயித்தை கைகூப்பிக்கொண்டு, மாமாவின் படத்தைப் பார்த்து, வழக்கம்போல மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார்.

நான் குனிந்தபடி தேய்த்துக்கொண்டே இருந்தேன்.