மிஸ்ட் மேல் விழுந்த பழி

பெயின்ட் கரைக்கிற தின்னர் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே சென்சார் சிவந்துவிட்டது. எங்கள் முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. எதிரே மதுரையிலிருந்து வந்த பெயின்ட் குடோன்காரர். அவர் ஆர்டர் தராவிட்டால் கொடைக்கானல் லேபை மூடித் திண்டுக்கல்லுக்கு மாற்றிவிடுவதென்று பேச்சு. பக்கத்து மன்னவனூர்க்காரியான எனக்கு மறுபடியும் பூண்டுக் காட்டில் களையெடுப்புதான்.

நான் கோட்டிங் செக்‌ஷன். ஸ்பின் கோட்டரில் கண்ணாடித் துண்டை வைத்து, பாலிமர் கரைசலைச் சொட்டு விட்டுச் சுழற்றுவேன். தலைமுடியைவிட மெல்லிய ஃபிலிம் படிந்து பச்சையாகத் தெரியும்; அதுதான் எங்கள் சென்சார். தின்னர் ஆவி பட்டால் அது உப்பிச் சிவப்பாகும். குடோனில் எந்த டிரம் மூடி கசிகிறது என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

குடோன்காரர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே மிஸ்ட், எங்கள் மலையின் மூடுபனி, இறங்கியிருந்தது. இந்த ஈரத்துக்கே சிவந்தால் தன் குடோனில் நாள் முழுக்கச் சிவந்தேதான் கிடக்கும் என்றார். முதலாளியும் தலையாட்டினார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஈரத்துக்கு அசையாத ஃபிலிமுக்காக எட்டு மாதம் செத்துச் சுண்ணாம்பானவள் நான். துணிக்கொடியில் கிளிப் போட்டு, வாரக்கணக்கில் மிஸ்டிலேயே தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறேன்.

"மிஸ்ட் இல்லீங்க சார். இந்த ரூமுக்குள்ளதான் என்னமோ கெடக்கு" என்றேன்.

சென்சாரை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். மிஸ்டுக்குள் ஒரே நிமிடத்தில் பச்சையானது. உள்ளே, இறுக்கி மூடிய எங்கள் தின்னர் பாட்டில் பக்கம் காட்டினேன். பச்சை. முதலாளி பக்கமும் பச்சை. மேசை மேல், முதலில் சென்சார் இருந்த இடத்தை ஒட்டிக் கிடந்த குடோன்காரரின் பைக்கருகே போனதும் சிவப்பு.

அவர் பையைத் திறந்தார். வருகிற வழியில் அம்மாவுக்கு வாங்கிய யூகலிப்டஸ் தைலம், மூடி லூசாகித் துண்டை நனைத்திருந்தது. கடைக்குக் கடை தைலம் மணக்கிற ஊரில் எங்கள் மூக்குக்கு அது உறைக்கவே இல்லை.

தைலத்துக்கும் தின்னருக்கும் உள்ள வித்தியாசம் இந்தச் சென்சாருக்குத் தெரியாது என்பதையும் நானே சொன்னேன். முதலாளி முறைத்தார். குடோன்காரர் சிரித்தார்.

"எங்க குடோன்ல தைலம் ஏதும்மா? மூடி லூசா இருக்கது தெரியணும், அவ்வளவுதான். அதான் கண்டுபிடிச்சிருச்சே."

அன்றைக்கே நாற்பது சென்சாருக்கு ஆர்டர். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கையிலிருப்பது நீங்கள் ஒழுங்காகச் செய்த சென்சார் என்றால், அது சிவந்ததும் அதைத் திட்டாதீர்கள். எழுந்து தேடுங்கள்.

லேப் இன்னும் மலையில்தான் இருக்கிறது. மிஸ்டும் ஜன்னல் வழியாக வந்துபோகிறது. அதன் மேல் யாரும் பழி போடுவதில்லை.