திரை இல்லாத காமிரா

மகள் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் டிஜிட்டல் காமிரா வாங்கி வந்தாள். அதே வருஷம்தான் என் மனைவிக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. மருந்து ஏறி, முடி கொட்டி, முகம் வீங்கியிருந்தவளை மகள் ஆசையாகப் படமெடுப்பாள். எடுத்த கையோடு இவள் காமிராவை வாங்கிப் பின்பக்கத் திரையில் பார்ப்பாள்.

"இது நானாங்க? அழிச்சிடட்டுமா?"

என்னைத்தான் கேட்பாள். வேண்டாமென்று எந்த வாயால் சொல்வது? தலையாட்டுவேன். கல்யாண ஆல்பத்திலேயே பிடிக்காத படத்தைக் கிழித்துப் போட்டவள் அவள். நாள் அதிகமில்லை என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். அவளுடைய கடைசி முகம் ஒன்றுகூட வீட்டில் மிஞ்சாதோ என்று பயந்து செத்தேன்.

பீரோ மேலிருந்த பழைய ஃபிலிம் காமிராவை இறக்கினேன். பிரேசர் டவுன் ஸ்டுடியோக்காரர் ஒரு ரோலைத் தேடி எடுத்துக் கொடுத்தார். "இந்தக் காலத்துல இது எதுக்குப்பா?" என்று மகள் சிரித்தாள். எனக்கு வேண்டியது திரை இல்லாத காமிரா. பார்க்க முடியாததை அவளால் அழிக்க முடியாது.

மர்பி டவுன் வீட்டில் வெயில் விழும் ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்தேன். காபி குடிக்கும்போது எடுத்தேன், தலையில் துண்டு கட்டும்போது எடுத்தேன். முகம் சுளிக்காமல் இருந்தாள்.

"எப்பங்க கழுவக் குடுப்பீங்க?"

"ரோல் முடியட்டும்."

முடிக்கிற எண்ணமே எனக்கு இல்லை.

ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால், காமிராவில் எத்தனை படம் எடுத்தோம் என்று எண் காட்டும் சக்கரம் தொடக்கத்துக்கே போயிருந்தது. கிழட்டுச் சாமான், ஏதோ பழுது என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு படமெடுக்கும் நிலையில் அவள் இல்லை.

மீதி ஃபிலிமை வீணாக்காமல் எடுத்து முடித்துத்தான் கழுவக் கொடுப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். காரியம் முடிந்த மறுநாள் அவள் கட்டிலைப் படமெடுத்தேன். மடித்த போர்வையை, செருப்பை, ஜன்னலை எடுத்தேன். ரோல் தீர்ந்தது.

ஸ்டுடியோக்காரர் நெகட்டிவை விளக்குக்கு நேராகப் பிடித்தார். பாதிக்கு மேல் ஒரே கறுப்பு.

"யாரோ பின்மூடியத் தொறந்து நல்லா வெயில் காட்டிட்டாங்க சார். தொறந்தா நம்பரும் ஆரம்பத்துக்கே போயிடும். முன்ன எடுத்ததெல்லாம் ஹாளாயிடுச்சு, ஒண்ணும் தேறாது. அப்பறம் எடுத்தது மட்டும் சூப்பரா வந்திருக்குது."

யாரென்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. வருஷங்களுக்கு முன், லால்பாக் பூக்கண்காட்சியில் எடுத்த ரோலை மகள் மூடியைத் திறந்து பாழாக்கியபோது, அவள் முதுகில் ஒன்று வைத்தவள் என் மனைவிதான். வெயில் பட்டால் ஃபிலிமில் ஒன்றும் தங்காதென்று அன்றே தெரியும் அவளுக்கு. நான் தடுக்கில் பாய்ந்தால் அவள் கோலத்தில் பாய்கிறவள்.

கட்டில் துல்லியமாக வந்திருந்தது. போர்வையின் மடிப்பும் செருப்பின் தேய்மானமும்கூடத் தெரிந்தன. அவள் எதிலும் இல்லை. டிஜிட்டலில் என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டாவது அழித்தாள்.