நான் குடித்துக் காட்டிய தண்ணீர்

நாங்கள் டென்மார்க்குக்கு வந்து இரண்டாவது பனிக்காலம் அது. எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பதினொரு வயது. இப்போது பேரப்பிள்ளை கண்டுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் நான் அதிகம் இருந்ததில்லை, எழுத்துப் பிழை இருக்கும். நடந்ததில் பிழை இருக்காது.

ஸ்கீவ என்ற ஊர்ப் பக்கத்தில், தரைக்குள்ளே நுழைந்து கிடக்கும் ஒரு கடலின் கரையில் எங்கள் அகதிக் காம்ப் இருந்தது. விசாவுக்குக் காத்திருக்கிறவர்களை அங்கேதான் வைத்திருந்தார்கள். அய்யா, அம்மா, நான், கைக்குழந்தையாகத் தங்கச்சி, அம்மாவின் தம்பியான சின்னமாமா, இவ்வளவு பேரும் ஒரே அறை. சமைக்க, சாப்பிட, கடிதம் வந்ததா என்று பார்க்க. வேறு வேலை இல்லை.

காம்புக்கு அடுத்தாற்போல் அரசாங்கத்துப் புல்வெளி. அதிலே இருபத்துமூன்று குதிரைகள் நின்றன. குட்டை, சடைமயிர், சேணம் கண்டறியாதவை. அவற்றைக் காக்க அரசாங்கம் ஒரு கிழவரை வைத்திருந்தது. ஆறு மாதம் பள்ளிக்கூடம் போய் நான் பிடித்துவைத்திருந்த டேனிஷில் அவரிடம் விசாரித்து அய்யாவுக்குச் சொன்னேன்: பழைய காலம்போலக் குதிரைகளைக் காட்டுவிலங்காக விட்டுப் பார்க்கிறார்களாம். சுற்றியிருக்கும் பண்ணைக்காரருக்கு இது பிடிக்கவில்லையாம். இந்தப் பனிக்காலம் ஒரு குழப்பமும் இல்லாமல் போனால் குதிரைகள் நிற்கும். ஒன்று வேலி தாண்டி வெளியே போனாலும், காவல் சரியில்லை என்று எல்லாவற்றையும் இறைச்சிக்கு ஏற்றிவிடுவார்கள்.

"பாத்தியளே அத்தான், குதிரையளும் விசாவுக்குத்தான் நிக்குதுகள்" என்றார் சின்னமாமா.

"பகிடி விடாதை. அதுகளுக்கு ஆர் கேஸ் எழுதுறது?" என்றார் அய்யா.

அய்யா நெடுந்தீவார். அந்தத் தீவின் தரவையில், அந்த வெட்டைப் புல்நிலத்தில், ஆருக்கும் சொந்தமில்லாத குதிரைகள் திரியும். கோடையில் குளம் வற்றினால் அவை நாக்குத் தள்ளிச் செத்து விழும். அய்யாவும் இன்னும் நாலுபேரும் தரவையிலே பூவல் தோண்டுவார்கள். மண்ணைப் பறித்தால் ஊறுகிற சின்னக் கிணறுதான் பூவல். தோண்டினால் மட்டும் போதாது. மனிதன் பறித்த குழியைக் குதிரை நம்பாது. ஆகவே தோண்டினவர் முதலில் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்துக் காட்ட வேண்டும். பிறகு விலகி நின்றால் மூத்த பெண்குதிரை வரும், அதன் பின்னால் மற்றவை வரும். அய்யா இதைச் சொல்லும்போது ஏதோ கோயில் திருவிழாவில் முதல் மரியாதை வாங்கியவர்போல நெஞ்சு நிமிரும். காம்பில் வெங்காயம் உரிக்கிற அய்யாவுக்கு அந்த நெஞ்சு கிடையாது.

மாசியில் மூன்று நாள் பனிப்புயல். பாதை மூடிவிட்டது. கிழவர் வரவில்லை. நான்காம் நாள் காற்று அடங்கியதும் அய்யா என்னைக் கூட்டிக்கொண்டு வேலியடிக்குப் போனார். தண்ணீர்த் தொட்டி அடிவரை கல்லாகிக் கிடந்தது. குதிரைகள் பனியை நக்கிக்கொண்டு நின்றன. குதிரை பனி தின்று தாகம் தீர்க்கும் என்று கிழவர் முன்பு சொன்னதை நான் ஞாபகப்படுத்தினேன்.

"பனி தண்ணியே? நாக்கு வறண்ட சீவன்தான் பிள்ளை அதைத் தின்னும்."

காம்பிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்தோம். போகும் வழியிலேயே அதில் ஆடை கட்டியது. இரண்டு குதிரைகள் வாய் வைக்க வாளி முடிந்தது. அய்யா கடல் பக்கம் பார்த்தார். கடல் வெள்ளையாக இறுகிக் கிடந்தது. புல்வெளியின் கடற்கரை வாசலுக்கு நேரே ஒரு வாய்க்கால் வந்து கடலில் விழும். அந்த இடத்தில் மட்டும் கறுப்பாகத் தண்ணீர் ஓடியது.

"ஓடுற தண்ணி உறையாது. நல்ல தண்ணி அது" என்றார்.

அவர் சொன்னது சரி. காம்புக்கு முன்னாலே அதே கடலில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் நாள் முழுக்கச் சறுக்கி விளையாடினார்கள், ஒருநாள் கார்கூட ஓடியது. ஆகவே அது கல்லு என்று நினைத்தார். கடலைக் கரைத்துக் குடித்த தீவார்தான், ஆனால் உறைந்த கடலை அய்யா கண்டவர் அல்ல. ஓடுகிற தண்ணீரின் பக்கத்தில் பனிக்கட்டி மெல்லிசாக இருக்கும் என்று எங்களுக்கு யார் சொல்லித்தந்தார்கள்?

வாசல் சங்கிலியின் கொக்கி அய்யாவின் விறைத்த விரலுக்கு வழிவிடவில்லை. நான்தான் கழற்றினேன். அய்யா மந்தையின் பின்னால் போனார். நான் உறைந்த கடலின் மேல் முன்னால் நடந்து, கறுப்புத் தண்ணீரின் ஓரத்தில் முழந்தாளிட்டு, ஒரு கை அள்ளிக் குடித்துக் காட்டினேன். பல்லெல்லாம் கூசியது. எழுந்து விலகி நின்றேன்.

சாம்பல் நிறப் பெண்குதிரை வந்தது. என்னை ஒருதரம் பார்த்தது. குனிந்து குடித்தது. எனக்கு வந்த சந்தோசத்தை இன்றுவரை வேறு எதிலும் நான் காணவில்லை. நான் பெற்ற பிள்ளைகள் கோவிக்கக்கூடாது. பிறகு மற்றவை நெருக்கிக்கொண்டு வந்தன.

ஓடு முறிகிற மாதிரி ஒரு சத்தம். ஐந்து குதிரைகள் ஒன்றாகத் தண்ணீருக்குள் இறங்கின.

"படு பிள்ளை! படு!" என்று அய்யா கத்தினார். படுத்தேன். அவர் வயிற்றால் ஊர்ந்து வந்து என் காலைப் பிடித்து இழுத்தார். சாம்பல் குதிரை முன்கால்களைக் கட்டியின் மேல் தூக்கி வைத்தது, அது உடைந்தது, திரும்பவும் வைத்தது. குதிரை கத்தும் என்று நினைத்திருந்தேன். கத்தவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

பாதையில் பனி அகற்றும் வண்டியில் தொற்றிக்கொண்டு கிழவர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மிச்சக் குதிரைகளைத் திருப்பி உள்ளே விட்டார். பிறகு பனியில் பதிந்திருந்த அடிகளைப் பார்த்தார். முன்னே என் சின்னச் சப்பாத்து, பின்னே குளம்புகள். அய்யா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார்.

மறுநாள் ஒரு பொலிஸ்காரரும் காட்டு இலாகா அதிகாரியும் காம்புக்கு வந்தார்கள். ஹோர்சன்ஸிலிருந்து வரவேண்டிய மொழிபெயர்ப்பாளர் பனியால் வரவில்லை. அவருக்குப் பதிலாக என்னை நிறுத்தினார்கள். அவர்கள் கேட்குமுன்பே கிழவர் சொன்னார், புயலுக்கு முதல்நாள் அவசரத்தில் வாசல் சங்கிலியைத் தான்தான் கொளுவ மறந்தாராம். இந்த மனிதரும் பிள்ளையும் குதிரைகளைக் காப்பாற்றப் போனவர்களாம்.

அது உண்மையா என்று அய்யாவிடம் கேட்கச் சொன்னார் அதிகாரி. கேட்டேன். அய்யா கிழவரைப் பார்த்தார். கிழவர் கையிலிருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இஞ்சருங்கோ, ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள்" என்று பின்னாலிருந்து அம்மாவின் குரல் மெல்ல வந்தது.

"அவர் சொல்லுறது சரியெண்டு சொல்லு, பிள்ளை."

சொன்னேன். தெளிவாக, திக்காமல் சொன்னேன். நல்ல டேனிஷ் என்று பொலிஸ்காரர் மெச்சினார். அன்று முழுக்க நான் தலை நிமிர்ந்து திரிந்தேன். எனக்கு ஏச்சு விழாமல் கிழவர் தப்பவைத்தார் என்று மட்டும் விளங்கியது. சங்கிலியை நாங்கள் கழற்றினோம் என்று சொல்லியிருந்தால் காவலில் ஒரு குற்றமும் இருந்திருக்காது, குதிரைகள் நின்றிருக்கும், நாட்டைவிட்டுப் போகிறவர்கள் நாங்களாக இருந்திருப்போம். அந்தக் கணக்கைக் கிழவர் ஓர் இரவுக்குள் போட்டு முடித்திருந்தார். அய்யா அதை ஒரு பார்வையில் விளங்கிக்கொண்டார். எனக்குப் பல வருடம் எடுத்தது.

இரண்டு கிழமையில் லொறிகள் வந்தன. பதினெட்டுக் குதிரைகளையும் கிழவரே ஏற்றினார். வேறு ஆளின் கைக்கு அவை வரமாட்டா. அவருக்கு அதுதான் கடைசி வேலை என்று பிறகு கேள்விப்பட்டேன். அவற்றை வேறு நல்ல புல்வெளிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று சின்னமாமா எனக்குச் சொல்லியிருந்தார். பகிடிக்காரர் பகிடி இல்லாமல் சொன்னதால் நம்பினேன். ஒவ்வொரு லொறிக்கும் கை காட்டினேன். என்னைக் கடந்து போன கிழவருக்கும் காட்டினேன். அவர் திரும்பவில்லை. சரியான கோபக்காரக் கிழவன் என்று நினைத்தேன்.

அறைக்குள் ஓடிவந்தேன். அய்யா எங்களுக்கு முதுகு காட்டியபடி கட்டிலில் இருந்தார்.

"அய்யா, வாங்கோ, குதிரையள் போகுதுகள்!"

அவர் எழும்பவில்லை. தோள் இரண்டும் நடுங்கின. குளிராக்கும் என்று, ஓடிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.